நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்

"ஏனுங்க, நான் இங்க வெளிய உக்காந்துக்கிட்டுத்தான் கூப்பிடறேன். உங்க மிசினு என்னடான்னா நான் ஏற்கெனவே உள்ள இருக்கேங்குது. அப்ப நான் யாருங்க?"

2001-ஆம் ஆண்டு. கோயம்புத்தூரில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் எனக்கு இரவுப் பணி. கேட்டவர் காந்திபுரம் பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு போன் லைன். மழை பெய்தால் அவருடைய லைன் கொரகொரக்கும். கொரகொரத்தால் மோடம் தொடர்பு அறுந்துவிடும். மறுபடி டயல் செய்தால், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும், உள்ளே விடாது. ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது எங்கள் விதி. அவருடைய கணக்கில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருந்தார். அந்த ஒருவரும் அவரே.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கறுப்புத் திரையில் ராட்ஹூ என்ற கட்டளையை அடிப்பேன். அந்த நிமிடம் யார் யார் உள்ளே என்று பட்டியல் வரும். அதில் அவர் பெயர் இருக்கும். பிறகு ராட்ஸாப். பெயர் காணாமல் போகும். எங்கள் அறையில் இதற்குப் பேய் ஓட்டுவது என்று பெயர். மழைக்கால இரவு ஒன்றில் இருபது, முப்பது பேய் ஓட்டியிருக்கிறேன். வேப்பிலைதான் இல்லை.

பேய் எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல, அந்த அறையில் இருந்ததைச் சொல்ல வேண்டும். தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒரு தடித்த இணைப்பில் முப்பது அழைப்புகள் ஒரே நேரத்தில் வரும். அவற்றை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி. நாஸ் என்போம். வருகிறவருடைய மோடத்தோடு பேசுவதும், பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குவதும் அதன் வேலை. ஆனால் அதற்கு யாரையும் தெரியாது. வாங்கிய பெயரை அடுத்த மேசையில் இருந்த ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரிடம், அதாவது எங்கள் சர்வரிடம், கொடுத்து, "இந்த ஆளை விடலாமா?" என்று கேட்கும். விடலாம் அல்லது கூடாது என்று பதில் வரும். விடச் சொன்னால் கதவைத் திறந்து, "இத்தனை மணிக்கு இவர் உள்ளே போனார்" என்று ஒரு சீட்டு அனுப்பும். ஆள் வெளியேறும்போது இன்னொரு சீட்டு. அதில் எத்தனை விநாடி இருந்தார், எத்தனை பைட் போனது வந்தது, ஏன் போனார் என்பதெல்லாம் இருக்கும். இந்தக் கேள்வி, பதில், சீட்டு எல்லாம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்குத்தான் ரேடியஸ் என்று பெயர்.

வெளியேறிய சீட்டு வழியில் தொலைந்தால் பேய் பிறக்கும். நாஸ் பெட்டிக்கே மின்சாரம் போய்விட்டால் முப்பது பேரும் ஒரே நொடியில் வெளியே விழுவார்கள், சீட்டு எழுத யாரும் இருக்க மாட்டார்கள், முப்பது பேய்கள். பெட்டி மறுபடி உயிர்பெற்றதும் "நான் இப்போதுதான் எழுந்தேன், பழைய கணக்கெல்லாம் ரத்து" என்று ஒரு தனிச் சீட்டு அனுப்ப வேண்டும். அதற்கும் ரேடியஸில் இடம் உண்டு. எங்களுடையது சில நாள் அனுப்பும், சில நாள் மறந்துவிடும்.

ஏன் தொலைகிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று அப்போது எனக்குக் கோபமாக வரும். ரேடியஸ் போவது யு.டி.பி. வழியில். சாதாரணத் தபால் மாதிரி, போட்டால் போட்டதுதான். டி.சி.பி. என்றால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை திரும்பி வரும். அலுவலகத்தில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட மூத்தவர் ஒருவர்தான் ஆர்.எஃப்.சி. 2865-ஐ அச்செடுத்துக் கையில் கொடுத்தார். இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் வரிசையில் ரேடியஸுக்கான ஆவணம், 2000 ஜூனில் வந்தது. ஏன் யு.டி.பி. என்பதற்கே அதில் ஒரு தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வாசலில் நிற்கும் ஆள் சில விநாடி காத்திருப்பார், பல நிமிடம் காத்திருக்க மாட்டார். டி.சி.பி. எவ்வளவு நேரமானாலும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டு நிமிடம் கழித்துப் பத்திரமாக வந்து சேர்ந்த பதிலை வைத்து என்ன செய்வது? அதற்குள் அந்த ஆள் போனை வைத்துவிட்டுப் போயிருப்பார். அதைவிட, மூன்று விநாடியில் பதில் இல்லையென்றால் இன்னொரு சர்வரிடம் கேட்டுவிடலாம். மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டு நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்த ஒருவரை மனதில் வைத்து எழுதிய வரி அது. கோபம் பாதி தணிந்தது. கேள்வி-பதிலுக்கு அந்த வழி சரிதான். ஆனால் கணக்குச் சீட்டுக்கும் அதே வழியை வைத்ததை இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சீட்டில் வெளியேறிய காரணம் எண்ணாக இருக்கும். 1 என்றால் தானாகப் போனார். 2 என்றால் லைன் அறுந்தது. 4 என்றால் சும்மா இருந்ததால் நாங்களே அனுப்பினோம். 5 என்றால் நேரம் முடிந்தது. கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு மாதிரி இருக்கும். ஐப்பசி மாதத்தில் பார்த்தால் பக்கம் பக்கமாக 2.

அந்த அச்செடுத்த காகிதங்களின் முன்கதையையும் அண்ணன்தான் சொன்னார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மெரிட் நெட்வொர்க் என்று ஒரு லாபநோக்கமற்ற அமைப்பு. அங்குள்ள பல்கலைக்கழகங்களை இணைப்பதற்காகத் தொடங்கியது, பிற்பாடு என்.எஸ்.எஃப்.நெட் என்ற முதுகெலும்பு வலையையும் நடத்தியது. டயல் செய்து வருகிறவர்களுக்குப் பல கம்பெனிகளின் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பெயர்ப் பட்டியல். இதையெல்லாம் ஒரே இடத்தில் வைக்க வழி இருக்கிறதா என்று 1991-இல் கேட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் பதில் கொடுத்தது. போர்ட்மாஸ்டர் என்ற டயல்-இன் பெட்டி செய்துகொண்டிருந்த நிறுவனம். கார்ல் ரிக்னி என்பவரின் பெயர்தான் இன்றும் ஆவணத்தின் முதலில் நிற்கிறது. ரேடியஸ் என்ற பெயருக்குள்ளேயே (விரித்தால் ரிமோட் ஆதன்டிகேஷன் டயல்-இன் யூசர் சர்வீஸ்) டயல்-இன் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. டயல் செய்ய ஒரு போனும் இல்லாத இந்தக் காலத்திலும் அந்தப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறோம். லிவிங்ஸ்டனை 1997-இல் லூசென்ட் வாங்கியது. போர்ட்மாஸ்டர் போய்விட்டது, அது பேசிய மொழி போகவில்லை.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். எனக்கு உண்மையில் அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான்.

மோடத்தில் வருகிறவர் பாஸ்வேர்டைச் சொல்ல அப்போது இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது பாப். பெயர் இது, பாஸ்வேர்டு இது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. இரண்டாவது சாப். இதில் நாஸ் ஒரு புது எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எம்.டி.5 என்ற அரவையில் போட்டு, வரும் மாவை மட்டும் அனுப்ப வேண்டும். சர்வரும் தன் பக்கம் அதே அரவையைச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கும். பாஸ்வேர்டு கம்பியில் போவதே இல்லை. அடுத்த முறை வேறு எண், வேறு மாவு. ஒட்டுக்கேட்டவனுக்குப் பயனில்லை.

இதைக் கேட்டதும் எங்கள் மேலாளர், "அப்ப எல்லாத்தையும் சாப்புக்கு மாத்திடுங்க" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்தார். "மாத்தலாங்க சார். ஆனா எல்லாரோட பாஸ்வேர்டையும் அப்படியே எழுதி வைக்கணும்."

பாப்பில் சர்வர் பாஸ்வேர்டை அரைத்த வடிவில் வைத்துக்கொள்ளலாம். வந்ததை அரைத்து, வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் போதும். சாப்பில் ஒவ்வொரு முறையும் புது எண்ணோடு அரைக்க வேண்டியிருப்பதால் சர்வரிடம் அசல் தானியமே இருக்க வேண்டும். ஒன்று தெருவில் அம்மணமாக நடந்து வீட்டில் பூட்டிக்கொண்டு தூங்கும். இன்னொன்று தெருவில் போர்த்திக்கொண்டு போய் வீட்டில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், திருடன் தெருவில் இருக்கிறானா வீட்டுக்குள் இருக்கிறானா என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். வீட்டுக்கும் போன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் கம்பியில் கிளிப் போட்டு ஒட்டுக்கேட்கும் ஆள் கோயம்புத்தூரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எங்கள் அறைக்குள் வந்துபோகும் ஆட்களோ நிறைய.

மேலாளர் கேட்கவில்லை, மாற்றினோம். ஆயிரத்துச் சொச்சம் பேரின் பாஸ்வேர்டு ஒரே கோப்பில், பச்சையாக. இரவுப் பணியில் அந்தக் கோப்பு என் கண்ணெதிரே கிடந்தது. படிக்கக்கூடாதுதான், படித்தேன். முருகன், மருதமலை, மாசாணியம்மன். பிள்ளைகளின் பெயர். வண்டி நம்பர். ஒரு பஞ்சு வியாபாரி தன் பங்காளியின் பெயரை வைத்திருந்தார், பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையோடு. அவர் மாதக் கட்டணம் கட்ட நேரில் வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு ஊரின் ரகசியம் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவனிடம் இருந்தது. அதற்குக் காரணம் பாதுகாப்பு கருதி எடுத்த ஒரு முடிவு.

நாஸுக்கும் சர்வருக்கும் நடுவிலும் ஒரு ரகசியம் உண்டு. பகிர்ந்த ரகசியம் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொல்லை எழுதி வைக்க வேண்டும். பாப்பில் வந்த பாஸ்வேர்டை நாஸ் சர்வருக்கு அனுப்பும்போது இந்தச் சொல்லைக் கொண்டுதான் மறைக்கும். சர்வர் சொல்லும் பதில் உண்மையானதுதானா என்று நாஸ் சோதிப்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். பதிலின் எல்லா எழுத்துகளையும், கேள்வியோடு போன பதினாறு பைட் எண்ணையும், கடைசியில் இந்த ரகசியத்தையும் சேர்த்து எம்.டி.5-இல் அரைத்து, அந்த மாவை முத்திரையாகக் குத்தி அனுப்பும். கடைசியில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2004 வாக்கில் நாங்கள் ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம். அதை நிறுவினால் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு ரகசியச் சொல்லை அதிலேயே எழுதிக் கொடுத்திருப்பார்கள். டெஸ்டிங்123. உலகத்தில் ஃப்ரீரேடியஸ் தொட்ட ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் தெரியும். நான் அதைப் புது நாஸுக்கும் போட்டுவிட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். அண்ணன் இரண்டு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பூட்டு வாங்கினப்ப அட்டையிலயே கட்டித் தொங்கின சாவியை நீ இன்னும் அவுக்கவே இல்லையா?" என்றார். அன்றைக்கே மாற்றினேன். அந்த ஒரு நாஸில் மட்டும்.

அகன்ற அலைவரிசை வந்தது, மோடம்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, நிறுவனமும் இன்னொன்றில் கரைந்தது. அந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு கூத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்தைப் பைட்டில் எண்ணும் கணக்குச் சீட்டில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். நான்கு ஜிபி தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும், பழைய ஸ்கூட்டரின் மீட்டர் சுற்றிக்கொள்வதுபோல. மோடம் காலத்தில் ஒரே அமர்வில் நான்கு ஜிபி என்பது கனவு. பிராட்பேண்டில் ராத்திரி முழுக்கப் படம் இறக்குகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. சுற்று எண்ணிக்கையைச் சொல்ல ஒரு தனிப் புலம் 2000-லேயே சேர்க்கப்பட்டிருந்தது. எங்கள் பில்லிங் மென்பொருள் அதைப் படிக்கவில்லை. மாதம் முழுக்கப் படமாக இறக்கித் தள்ளியவருக்குக் குறைந்த பில், அளவாக இருந்தவருக்கு அதிக பில். குறைந்த பில் வாங்கிய ஒருவரும் எங்களைக் கூப்பிட்டுக் குறை சொல்லவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறினேன். அங்கும் ரேடியஸ் காத்திருந்தது, வேறு சட்டை போட்டுக்கொண்டு. ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரிவினர் லேப்டாப்பில் வி.பி.என்., அதாவது இணையத்துக்குள்ளேயே ஒரு மூடிய வழி, போட்டுக் கம்பெனிக்குள் வர வேண்டும். விண்டோஸிலேயே இருந்த பி.பி.டி.பி. முறையைப் போட்டேன். காசு செலவில்லை, இரண்டு கிளிக். உள்ளே பாஸ்வேர்டைச் சோதித்தது எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்பு. சாப்பின் தலைவலியை, அதாவது சர்வரில் அசல் பாஸ்வேர்டு வைக்க வேண்டிய கட்டாயத்தை, தீர்க்க மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு அது. அசலுக்குப் பதில் அரைத்த வடிவம் சர்வரில் இருந்தால் போதும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1990-களின் இறுதியிலேயே புரூஸ் ஷ்னையர், மட்ஜ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதன் ஓட்டைகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் படிக்கவில்லை. 2012-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் அதைப் பிரித்துப் போட்டார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக, எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி, ஒட்டுக்கேட்ட ஒரே ஒரு உரையாடலிலிருந்து அந்த அரைத்த வடிவத்தை எடுக்க 56 பிட் சாவி ஒன்றைத் தேடினால் போதும், அதற்கென்றே செய்த இயந்திரத்தில் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் என்று காட்டினார்கள். அந்த அரைத்த வடிவம் கையில் இருந்தால் அசல் பாஸ்வேர்டே தேவையில்லை, அதை வைத்தே உள்ளே போகலாம். செய்தி படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. விற்பனைப் பிரிவினர் பி.பி.டி.பி. போட்டது எங்கெங்கே? லாட்ஜ் வைஃபைகளில்.

வேறு வி.பி.என்.னுக்கு மாறினோம். ரேடியஸ் மட்டும் அப்படியே பின்னால் நின்றது.

ரேடியஸுக்கு வாரிசு வரவில்லையா என்றால், வந்தது. 2003-இல் டயாமீட்டர். ரேடியஸ் ஆரம் என்றால் இது விட்டம், அதைப்போல இரண்டு மடங்கு என்று விளையாட்டாக வைத்த பெயர். தபாலைத் தொலைக்காது, எல்லாவற்றுக்கும் ஒப்புகை கேட்கும். 4ஜி போன் வலைகளுக்குள் சிம்மைச் சோதிக்கும் வேலையை அது எடுத்துக்கொண்டது. ஆனால் கல்லூரி வைஃபை, அலுவலக வி.பி.என்., நெட்வொர்க் ஸ்விட்சுக்குள் நுழையும் நிர்வாகி, வீட்டு பிராட்பேண்ட் என்று மற்ற இடங்களில் பழைய ஆரமே தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்றால், அது ஒரு மதியத்தில் புரிந்துவிடும். ஒரு பைட் வகை, ஒரு பைட் அடையாள எண், இரண்டு பைட் நீளம், பதினாறு பைட் முத்திரை, அப்புறம் வரிசையாகப் புலங்கள். முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் முப்பது லட்ச ரூபாய்ப் பெட்டியிலும் ஒரே மாதிரி. எளிமையான பொருளை யாரும் தூக்கிப்போடுவதில்லை. எங்கள் வீட்டு அம்மிக்கல் மாதிரி.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது எங்கள் வி.பி.என்.னில் வழக்கமாக நாற்பது பேர் இருப்பார்கள். அந்த வாரக் கடைசியில் முந்நூறு பேர். கணக்குப் பிரிவில் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த அம்மா ஒருவருக்கு போனிலேயே வி.பி.என். போடச் சொல்லிக்கொடுத்தேன். பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனில் வரும் அறிவிப்பிலும் "ஆம்" கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஆர்வமாகச் செய்து முடித்தேன். மறுநாள் காலை அதே அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஒரு தடவ உள்ள போறதுக்கு மூணு தடவ கேக்குது. வேற யாராச்சும் என் பேர்ல வர்றாங்களோ?"

அவர் பயம் நியாயம். நடந்தது வேறு. வாசலில் நிற்கும் ஆள் சில விநாடிதான் காத்திருப்பார் என்று அந்த ஆவணத்தில் எழுதினார்களே, அந்த வரிதான். வி.பி.என். பெட்டி ஐந்து விநாடி பார்த்தது. அந்த அம்மா கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, திரையைத் திறந்து "ஆம்" கொடுக்க முப்பது விநாடியாவது வேண்டும். அதற்குள் பெட்டி, சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி அடுத்த சர்வரிடம் கேட்டுவிட்டது. அது இன்னொரு அறிவிப்பு அனுப்பியது. காத்திருக்கும் நேரத்தை அறுபது விநாடியாக உயர்த்தியதும் சரியானது. மோடம் காலத்து மனிதனின் பொறுமையை அளந்து வைத்த விதி, மூக்குக்கண்ணாடி தேடும் மனிதரிடம் வந்து முட்டிக்கொண்டது.

2024 ஜூலையில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதல் முறை வெளிவந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகம், சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகம், மைக்ரோசாஃப்ட், கிளவுட்ஃப்ளேர் போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள் கூடிச் செய்தது. ரேடியஸின் பதில் முத்திரையையே அவர்கள் போலி செய்துகாட்டினார்கள். பாஸ்வேர்டும் தெரிய வேண்டாம், பகிர்ந்த ரகசியமும் தெரிய வேண்டாம். நாஸுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்தால் போதும். "விடாதே" என்று சர்வர் சொன்னதை "விடு" என்று மாற்றிவிடலாம், முத்திரை கெடாமல்.

ரகசியம் கடைசியில் சேர்கிறது என்று சொன்னேனே, ஓட்டை அங்கேதான். எம்.டி.5 இடமிருந்து வலமாக, துண்டு துண்டாக அரைத்துக்கொண்டே போகும். சேலம் பக்கமிருந்து ஒரு ரயில் வருகிறது, கரூர் பக்கமிருந்து இன்னொன்று வருகிறது. ஈரோடு சந்திப்பில் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஏறிவிட்டால், அங்கிருந்து கோயம்புத்தூர் வரை இரண்டுக்கும் ஒரே வழி. வேறு வேறு இரண்டு செய்திகளோடு சில குப்பை பைட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டி, அரவை ஒரே நிலைக்கு வரும்படி செய்துவிட்டால், அதற்குப் பின் எந்த ரகசியத்தைச் சேர்த்தாலும் இரண்டுக்கும் ஒரே மாவுதான் வரும். ரகசியம் முன்னால் நின்றிருந்தால் இந்த வழி திறந்திருக்காது. எம்.டி.5-இல் இரண்டு செய்திகளை முட்டவைக்கலாம் என்று 2004-லேயே சீனாவின் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். 2008-இல் இருநூறு பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்து, அந்த உத்தியை வளர்த்தெடுத்து, இணையதளங்களுக்கு அடையாளச் சான்று கொடுக்கும் ஆணையம் ஒன்றையே ஒரு குழு போலியாக உருவாக்கிக்காட்டியது. உலகம் எம்.டி.5-ஐக் கைவிட்டது. ரேடியஸ் கைவிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் குப்பை பைட்டுகளை எங்கே வைப்பது? அதற்கும் பழைய நல்லெண்ணம் ஒன்று உதவியது. மெரிட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆள் இன்னொரு பல்கலைக்கழகத்தில் டயல் செய்தால் கேள்வி ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போக வேண்டும். கைமாற்றுகிறவர் தன் நினைவுக்காக ஒரு துண்டுச்சீட்டைச் செருகலாம். கடைசி சர்வர் அதைத் தொடாமல், படிக்காமல் அப்படியே பதிலோடு திருப்பித் தர வேண்டும். தாக்குகிறவர் தன் குப்பையை அந்தச் சீட்டாகச் செருகுகிறார். சர்வர் மரியாதையாக அதைத் தன் பதிலில் சேர்த்து, முத்திரையும் குத்திக் கொடுக்கிறது.

முட்டலைக் கணக்கிட ஆய்வாளர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு நிமிடம் பிடித்தது. பெட்டிகள் வழக்கமாகக் காத்திருப்பது முப்பதிலிருந்து அறுபது விநாடி. ஆகவே அப்படியே நிஜத்தில் செய்வது அன்றைக்கு எளிதில்லை, கணக்கு வேகப்படும்வரைதான். நான் அறுபது விநாடியாக உயர்த்தியிருந்ததை நினைத்துக்கொண்டேன். கண்ணாடி தேடியவருக்காகச் செய்தது.

மருந்து எளிது. எச்.எம்.ஏ.சி. முறையில் ரகசியத்தை முன்னால் வைத்து இரண்டு முறை அரைத்த இன்னொரு முத்திரைப் புலம் ஏற்கெனவே உண்டு. அதை எல்லாக் கேள்விக்கும் பதிலுக்கும் கட்டாயமாக்க வேண்டும், அதுவும் முதல் புலமாக. நெடுநாள் தீர்வு, ரேடியஸை டி.எல்.எஸ். என்ற மறையாக்க உறைக்குள் வைத்து அனுப்புவது. அதற்கான ஆவணம் 2012-லேயே வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எங்கள் சர்வரில் இருந்த பெட்டிப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று பழைய ஸ்விட்சுகளுக்கு அந்தப் புலம் என்றால் என்னவென்றே தெரியவில்லை, அவற்றைக் கழற்றினோம். நாற்பத்தோராவது வரியில் கிடங்குக் கட்டடத்தின் ஒரு ஸ்விட்ச். 2020-இல் ஊரடங்கு அவசரத்தில் நானே சேர்த்தது. ரகசியம் என்ற இடத்தில் டெஸ்டிங்123.

ஆம்ஸ்டர்டாமின் கணக்கு மேதைகள் அவசியமே இல்லை, அந்தக் கதவுக்கு.

அண்ணன் இப்போது ஓய்வில் இருக்கிறார், திருப்பூர் பக்கம். போன் செய்து சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். "நல்லவேளை, நான் இருந்திருந்தா உன்னையக் கழட்டியிருப்பேன்" என்றார்.

போன மாதம் மகள் கூப்பிட்டாள். வெளியூரில் எம்.எஸ்சி. படிக்கிறாள், ஒரு கருத்தரங்குக்காக வேறொரு கல்லூரிக்குப் போயிருந்தாள். இரண்டு கல்லூரியிலும் எடுரோம் இருக்கிறது, கல்லூரிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை ஏற்பாடு. ஐரோப்பாவில் இருபது வருடத்துக்கு முன் தொடங்கியது, இந்தியாவில் கல்வி ஆய்வு நிறுவனங்களுக்கான எர்நெட் வலை நடத்துகிறது. தன் கல்லூரிப் பெயரோடு தன் பாஸ்வேர்டைப் போட்டால், போன இடத்து சர்வர் அதைக் கைமாற்றி நாட்டு சர்வருக்கு அனுப்பும், அது அவளுடைய கல்லூரிக்கு அனுப்பும், அங்கிருந்து "விடு" என்று பதில் வரும். மெரிட் கேட்ட அதே கேள்வி, அதே ரேடியஸ். நல்லவேளையாக ஈ.ஏ.பி. என்ற உறைக்குள் போவதால் பிளாஸ்ட்-ரேடியஸ் இதைத் தொடாது. ஆனால் உறைக்குள்ளே இருப்பது பல இடங்களில் இன்னும் அந்த எம்.எஸ்.சாப் தான். உறை கிழியாமல் இருப்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. முதல் முறை இணையும்போது எதிரே இருப்பது தன் கல்லூரியின் சர்வர்தானா என்று போன் கேட்கும், சான்றிதழில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் "நம்பு" என்று கொடுக்க வேண்டும். பார்க்காமல் கொடுத்தால், பக்கத்து அறையில் அதே பெயரில் ஒரு போலி வைஃபை வைத்திருப்பவனிடம் போய் அந்த உரையாடலை நாமே நடத்துவோம்.

"அப்பா, ஏதோ சர்ட்டிபிகேட்டாம், ட்ரஸ்ட் பண்ணவான்னு கேட்டுச்சு."

"இரு இரு, எதையும் அமுக்காத. மேல என்ன பேர் போட்டிருக்குன்னு படி, உங்க காலேஜ் பேர் இருக்கா பாரு. அதுக்குக் கீழ நீளமா எழுத்தும் நம்பருமா ஒண்ணு இருக்கும், அதை உங்க ஐடி டிபார்ட்மென்ட் பக்கத்துல..."

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் ஏற்கெனவே உள்ள இருக்கேன்ப்பா. அதுலதான் உங்களுக்குக் கூப்பிடறேன்."